படத்தின் மேல்மூலையில் இருந்தது எங்கள் ஊர்ப் புயல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகைக்கு இதுவரை இரண்டே கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்று எங்கள் தெரு சாக்கடை பற்றி, இன்னொன்று வேறொரு வாசகர் எழுதிய கடிதத்துக்குப் பதில். இரண்டும் வரவில்லை. இது மூன்றாவது, கொஞ்சம் நீளம். வெட்டுவதாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் படத்தில் செய்தது போல மேல்மூலையில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

டிசம்பரில் வந்த ஞாயிறு இணைப்பில் விண்வெளியிலிருந்து எடுத்த பூமிப் படங்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். நடுவில் முக்கால் பக்கத்துக்கு நிலவுக்குப் போன அப்போலோ 17 விண்கலத்திலிருந்து எடுத்த அந்தப் புகழ்பெற்ற நீலப் பூமி. ஆப்பிரிக்கா, அரேபியா, கீழே அண்டார்டிகாவின் வெள்ளை, எல்லாம் அழகாக வந்திருந்தது, அச்சில் நீலம்கூடச் சரியாக உட்கார்ந்திருந்தது (இது சாதாரண விஷயமில்லை, நீலத்தை நியூஸ்பிரிண்டில் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்). ஆனால் தலைப்பை வைக்க இடம் தேடிய உங்கள் லேஅவுட் ஆள், வலது மேல்மூலையில் பூமியின் விளிம்பு மேலேயே மஞ்சள் எழுத்தைக் கொட்டையாகப் போட்டுவிட்டார். அந்த எழுத்துக்கு அடியில் வெள்ளையாகச் சுருண்டு கிடந்தது 1972-ல் எங்கள் கடலூரை அடித்த புயல்.

நான் கதை விடவில்லை. அந்தப் படம் எடுத்த நாள் 1972 டிசம்பர் 7. அதற்கு முன்னால் டிசம்பர் 5-ம் தேதி இரவு தொடங்கி 6-ம் தேதி விடிவதற்குள் ஒரு கடும்புயல் கடலூருக்குப் பக்கத்தில் கரை கடந்தது. சென்னை வரைக்கும் வெள்ளம். கரையேறி ஒன்றரை நாள் ஆகி, மேற்கே நகர்ந்து, ஓய்ந்துகொண்டிருந்த அந்தப் புயலின் மேகம்தான் படத்தின் வலது மேல்மூலையில், இந்தியா விளிம்பில் மறையப்போகிற இடத்தில் தெரிகிறது. உலகத்திலேயே அதிகம் அச்சான புகைப்படங்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். சட்டையில், தபால்தலையில், பள்ளிப் புத்தக அட்டையில், எல்லா இடத்திலும் எங்கள் ஊர்ப் புயலும் கூடவே போயிருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. முதுநகரில் உப்பனாற்றுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. ராத்திரி முழுக்க ஓடு ஒவ்வொன்றாகப் பறக்கிற சத்தம், அப்புறம் ஒரு நேரத்தில் பறக்க ஓடே இல்லை என்பதால் சத்தம் நின்றுபோனது, அதுதான் எனக்கு நினைவிருக்கிறது. மூன்று வீட்டு ஆட்கள் ஒரு மண்டியின் மச்சில் ஏறி உட்கார்ந்திருந்தோம். அவ்வளவுதான், ஏழு வயதுக்கு அதற்கு மேல் என்ன நினைவிருக்கும்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏன் இவன் ஒரு போட்டோவுக்கு இவ்வளவு குதிக்கிறான் என்று தோன்றும். இருபத்தைந்து வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், செத்த வீட்டுக்குப் போய் உட்காரவைத்து எடுக்கும் கடைசிப் படம் வரைக்கும். டிஜிட்டல் வந்ததும் ஸ்டூடியோ படுத்துவிட்டது, இப்போது மகன் அதே கடையில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் போடுகிறான், நான் கம்ப்யூட்டரில் அளவு பார்த்துக் கொடுக்கிறேன். ஆக, படத்தின் ஓரத்தை வெட்டுவது எனக்குப் புதிதில்லை. கல்யாண ஆல்பத்தில் ஓரத்தில் நின்ற பெரியப்பாவை வெட்டிவிட்டு, அந்தக் குடும்பத்திடம் இரண்டு தலைமுறைக்கு வசவு வாங்கியவன் நான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சிக்கு ஆறுக்கு ஆறடியில் பூமிப் படம் வேண்டும் என்று கேட்டார்கள். நெட்டில் கிடைக்கிற சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் பொரிபொரியாகத் தெரியும் என்று நாசா தளத்துக்குப் போய் மூலக் கோப்பை இறக்கினோம். எண் ஏஎஸ்17-148-22727. முதல் துண்டு அப்போலோ 17, நடுவில் இருப்பது எந்த ஃபிலிம் மேகசின், கடைசியில் எத்தனையாவது படம். நாங்கள் நெகட்டிவ் கவரின் மேல் பேனாவால் எழுதி வைப்போமே, அதே முறைதான்! அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். கேமரா ஹாசல்பிளாட், எழுபது மில்லிமீட்டர் கலர் ஃபிலிம், நெகட்டிவ் சதுரம். என் பழைய யாஷிகா டப்பாவில் 120 ரோல் போட்டால் வருமே, கிட்டத்தட்ட அந்தச் சதுரம்.

அந்தக் கோப்பைத் திரையில் பெரிதாக்கி ஓரம் ஓரமாகத் தூசி, கீறல் பார்த்துக்கொண்டே போனபோதுதான் வலது மேலே அந்தச் சுருள் கண்ணில் பட்டது. புயல் மேகம் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, 2011-ல் வந்த ‘தானே’ புயலின்போது டிவியில் நாள் முழுக்கப் பார்த்ததுதானே. தேதியைப் பார்த்தேன், டிசம்பர் 7, 1972. தேடிப் பார்த்தேன், விவரம் தெரிந்தவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள், அது தமிழ்நாட்டைத் தாக்கிய புயல்தான் என்று. நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்து நின்றுவிட்டேன். மகன் என்னப்பா என்றான். சொன்னேன். ஓ அப்படியா என்று சொல்லிவிட்டு மெஷினுக்கு மை ஊற்றப் போய்விட்டான்.

படம் எடுத்த நேரமும் தெரியும். அமெரிக்கக் கிழக்குக் கரைக் கணக்கில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பிய ராக்கெட், அன்று விடியற்காலை 5.39-க்கு இந்தப் படம், நம் நேரத்துக்கு மாலை 4.09. பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த பாதையை விட்டு விலகி நிலவை நோக்கிப் போகிற வழியில், சுமார் 29,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஜன்னல் வழியாக. உள்ளே இருந்தது மூன்று பேர், செர்னன், எவான்ஸ், ஷ்மிட். யார் விரல் அமுக்கியது என்று சண்டை வராமல் இருக்க நாசா மூவர் பெயரையும் சேர்த்தே போடுகிறது, நல்ல பழக்கம். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் பூமி முழு வட்டமாக வெளிச்சத்தில் கிடைத்தது. டிசம்பர் என்பதால் தென்துருவத்தில் விடாத பகல், அதனால்தான் அண்டார்டிகா அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது. இன்னொன்று, அவர்கள் எடுத்தபோது ஃபிலிமில் தெற்குதான் மேலே இருந்தது. நாம் பூகோளப் புத்தகத்தில் பார்த்துப் பழகியதற்கு ஏற்ப அதைத் திருப்பி வெளியிட்டார்கள். ஆக, மூல நெகட்டிவில் எங்கள் புயல் இருந்தது கீழே இடது மூலையில். அங்கேயும் ஓரம்தான்.

கண்காட்சி முடிந்ததும் மூலையை மட்டும் தனியாக ஏ3 அளவில் பிரிண்ட் போட்டு அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னதாவா இருந்துது?" என்றார். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? துணி காயவே இல்ல, அதுதான் தெரியும்" என்றார். பிரிண்டில் விரல் வைத்த இடத்தில் ரேகை பதிந்துவிட்டது, லேமினேஷன் பண்ணுவதற்கு முன்னால் கொடுத்தது என் தப்பு.

சரி, இது என் சொந்தக் கதை, ஒரு பத்திரிகை இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் படத்துக்குக் கீழே நீங்கள் போட்டிருந்தது "விண்வெளியிலிருந்து நம் பூமியின் எழில்மிகு தோற்றம்". அவ்வளவுதான். தேதி இல்லை, யார் எடுத்தது என்று இல்லை, எவ்வளவு தூரம் என்று இல்லை. டிசம்பர் 7, 1972 என்று ஒரே ஒரு தேதி போட்டிருந்தால் போதும், கடலூரிலும் பாண்டியிலும் சிதம்பரத்திலும் அறுபது வயது தாண்டியவர்களில் யாராவது ஒருவர் அடடா என்று நிமிர்ந்திருப்பார். அதோடு உங்கள் இணையப் பதிப்பில் அதே கட்டுரைக்கு வேறு படம்! அதில் தெரிவது அமெரிக்கக் கண்டம். அது 2002-ல் நாசா உருவாக்கியது, டெர்ரா என்ற செயற்கைக்கோள் பல மாதங்களாக எடுத்துச் சேர்த்த துண்டுகளில் மேகமில்லாத இடங்களைப் பொறுக்கிக் கோத்து, மேகத்தைத் தனியாக மேலே போட்டு, ராபர்ட் சிம்மன் என்பவர் முடித்துக் கொடுத்தது. முதல் ஐபோனைத் திறந்ததும் வந்த படம் அதுதான். தவறான படம் என்று சொல்ல மாட்டேன், உழைப்பு இருக்கிறது. ஆனால் ஒரே க்ளிக்கில் விழுந்த போட்டோவும் பல துண்டு ஒட்டிச் செய்ததும் ஒன்றல்ல. எங்கள் தொழிலில் ஒன்றுக்கு போட்டோ என்று பெயர், இன்னொன்றுக்கு டிசைன் என்று பெயர், ரேட்டும் வேறு.

அடுத்து அந்தத் தீபாவளிப் படம். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி வந்தால் வந்துவிடுகிறது. இந்தியா முழுக்க வெள்ளையும் நீலமும் பச்சையும் சிவப்புமாக ஜொலிக்கும், "தீபாவளி இரவில் விண்ணிலிருந்து இந்தியா, நாசா வெளியிட்டது" என்று கீழே எழுதியிருக்கும். உங்கள் மாவட்டப் பதிப்பிலும் ஒருமுறை வந்தது, வெட்டி வைத்திருக்கிறேன். அது தீபாவளியே இல்லை. அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவாவில் இருந்த கிறிஸ் எல்விட்ஜ் என்ற விஞ்ஞானி, ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்கள் பல வருடமாகப் பிடித்த இரவு வெளிச்சத்தை ஒன்றின்மேல் ஒன்று போட்டு 2003-ல் உருவாக்கியது. வெள்ளை என்பது 1992-க்கு முன்பே விளக்கு எரிந்த இடம். நீலம் 1992-ல் தெரிய ஆரம்பித்தது, பச்சை 1998-ல், சிவப்பு 2003-ல். ஊர்கள் எப்படிப் பெருத்துக்கொண்டே போகின்றன என்று காட்டுவதற்கான வண்ணம் அது. மத்தாப்பு இல்லை. நாசாவே 2012-ல் அலுத்துப்போய், அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய இரவான நவம்பர் 12 அன்று சுவோமி என்பிபி செயற்கைக்கோள் எடுத்த உண்மையான படத்தை வெளியிட்டது. அது கறுப்பு வெள்ளையில், எல்லா இரவும் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. பட்டாசும் விளக்கும் கூடுதலாகத் தரும் வெளிச்சம் மேலேயிருந்து பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சொற்பம் என்றும் எழுதிவிட்டார்கள்.

இதில் நான் யோக்கியன் இல்லை. ஒரு வார்டு பிரமுகருக்கு அதே படத்தைப் பின்னணியில் வைத்துப் பன்னிரண்டுக்கு எட்டடி தீபாவளி வாழ்த்து ஃப்ளெக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான். உண்மை தெரிந்த பிறகும் அடுத்த வருடம் அதே டிசைன் கேட்டார்கள், அதே டிசைன் போட்டேன். ஃப்ளெக்ஸ் ஒரு வாரத்தில் கிழிந்து கோழிக்கூண்டுக்கு மேலே போய்விடும். பத்திரிகை அப்படியா? பிள்ளைகள் வெட்டி ஆல்பத்தில் ஒட்டுகிறார்கள்.

இதைவிட எனக்கு உறுத்துவது புயல் சமயத்தில் நீங்கள் போடும் செயற்கைக்கோள் படம். வடகிழக்குப் பருவம் ஆரம்பித்தால் முதல் பக்கத்தில் தினமும் ஒன்று வரும். அது எங்களுக்கு அழகு பார்க்கிற படமில்லை, முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் டீக்கடை பெஞ்சில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு விரலால் தூரம் அளக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். வானிலைத் துறை வெளியிடும் மூலப் படத்தின் ஓரத்தில் எந்தச் செயற்கைக்கோள், எந்த அலைவரிசை, தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று ஒரு வரி இருக்கும், கிரீன்விச் நேரமும் போட்டு நம் நேரமும் போட்டிருப்பார்கள். அந்த வரியைத்தான் நீங்கள் முதலில் வெட்டுகிறீர்கள். வெட்டின பிறகு அது முந்தின நாள் சாயங்காலத்துப் படமா, ராத்திரிப் படமா என்று யாருக்குத் தெரியும்? மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் நகர்கிற புயல் ஒரு ராத்திரியில், பன்னிரண்டு மணி நேரத்தில், நூற்று எண்பது கிலோமீட்டர் வந்துவிடும். காலையில் பேப்பர் பார்த்து இன்னும் தூரமாகத்தான் இருக்கிறது என்று சொல்கிறவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று ஏன் போடுகிறார்கள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை, போட்டோ என்றால் ஒரு நொடிதானே. இது அப்படி இல்லை. இன்சாட்-3டிஎஸ் போன்ற வானிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். அதில் உள்ள கண்ணாடி அசைந்து அசைந்து பூமியை வடக்கிலிருந்து தெற்கு வரை கோடு கோடாகத் தடவி எடுக்கும், ஜெராக்ஸ் மெஷினில் விளக்கு நகர்கிற மாதிரி. ஒரு முழுப் படம் முடிய இருபத்தேழு நிமிடம் போல ஆகிவிடும். ராத்திரியிலும் எடுக்கும், ஏனென்றால் அப்போது அது பிடிப்பது வெளிச்சத்தை அல்ல, சூட்டை. இந்த அகச்சிவப்புப் படத்தில் கம்ப்யூட்டரில் பூசுகிற நிறம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். பல படங்களில் நடுவில் ரத்தச் சிவப்பாக இருக்கும் இடம் உண்மையில் மிகமிகக் குளிர்ந்த மேக உச்சி, பூஜ்யத்துக்குக் கீழே அறுபது எழுபது டிகிரி. அவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது, அதனால் அடியில் மழை வெளுத்து வாங்கும் என்று அர்த்தம். எங்கள் தெருவில் ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, சாமி, கடலே கொதிக்குதே என்றார். நான் சொல்லிப் புரியவைத்தேன், நீங்கள் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இந்தப் படமெல்லாம் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. நமக்கென்று மேலே நிற்கிற கண் வந்தது 1983-ல் இன்சாட்-1பி போன பிறகு. தானே வந்தபோது, 2011 டிசம்பர் 30 விடியற்காலை, கல்பனா-1 என்ற நம் செயற்கைக்கோள் மேலே இருந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் போன போக்கை அது தடுக்கவில்லைதான், ஆனால் வருகிறது என்று இரண்டு மூன்று நாள் முன்னாலேயே தெரிந்தது, படகுகளை ஏற்றிக் கட்டினார்கள். 1972-ல் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது முதல் ஓடு பறந்தபோதுதான்.

நிறம் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதில் இன்னும் இரண்டு. பிச்சாவரத்தைச் செயற்கைக்கோளிலிருந்து எடுத்த படம் ஒன்று அதே பள்ளிக் கண்காட்சியில் இருந்தது, காடு முழுக்கச் செக்கச்செவேல் என்று. ஒரு பையன் தீப்பிடித்திருக்கிறதா சார் என்று கேட்டான். பச்சைச் செடிகள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும், அதைத் திரையில் காட்ட ஏதாவது ஒரு நிறம் கொடுக்க வேண்டுமே என்று சிவப்பு கொடுக்கிறார்கள், எனவே எவ்வளவு சிவப்போ அவ்வளவு செழிப்பு. நேர்மாறாகப் புரிந்துகொள்ள இதைவிட வசதியான படம் கிடையாது. அப்புறம் வெள்ளக் காலத்தில் வரும் ரேடார் படம். மழை பெய்கிற நாளில் சாதாரணக் கேமராவுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும், அதனால் 2022-ல் போன நம் இஓஎஸ்-04 போன்றவை ரேடார் அலையை அனுப்பி மேகத்தைத் துளைத்துப் பார்க்கின்றன. தேங்கி நிற்கிற தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், திரும்பி வராது, ஆகவே படத்தில் கறுப்பாக விழும். கறுப்பாக இருக்கும் இடம் பெரும்பாலும் தண்ணீர். இதையும் நீங்கள் ஒருமுறை சொல்லாமல் போட்டீர்கள், பார்த்தவர்கள் கரண்ட் இல்லாத ஊர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

2025-ல் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த நாட்களில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது, அவர் எடுத்ததாம், காஷ்மீரிலிருந்து குமரி வரை சுவரில் மாட்டும் வரைபடம் மாதிரி நேராக, ராத்திரி விளக்குகளோடு. குழுவில் எல்லாரும் கைகூப்பி எமோஜி போட்டார்கள். நான் மட்டும் இது அங்கேயிருந்து எடுத்ததாக இருக்க முடியாது என்றேன், தேசபக்தி இல்லாதவன் என்று பெயர் வாங்கினேன். கணக்கு எளிது. விண்வெளி நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து அடிவானம் சுற்றிலும் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் முடிந்துவிடும், ஓரத்தில் இருப்பதெல்லாம் சரிந்து நசுங்கித்தான் தெரியும், பஸ் ஜன்னலிலிருந்து தூரத்து வயலைப் பார்ப்பது போல. தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே சட்டத்தில் கொஞ்சம் நிமிர்ந்து விழுந்த படம் வேண்டுமென்றால் 1966-ல் அமெரிக்காவின் ஜெமினி 11 விண்கலத்திலிருந்து எடுத்ததைப் பாருங்கள், கான்ராடும் கோர்டனும் 1,369 கிலோமீட்டர் வரைக்கும் ஏறிய பயணம் அது, அந்தப் படத்திலேயே ஓரம் வளைந்துதான் இருக்கிறது. (ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் உள்ள மணல்திட்டு பற்றி விண்வெளிப் படத்தை வைத்து நடந்த வம்புக்கு நான் வரவில்லை. மேலேயிருந்து எடுத்த படம் ஒரு திட்டு எங்கே இருக்கிறது என்று காட்டும், யார் போட்டது, எத்தனை வருடம் ஆனது என்று அது சொல்லாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.)

நட்சத்திரம் ஏன் தெரியவில்லை, அப்படியானால் படம் பொய்தானே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பளீர் என்று வெயில் அடிக்கிற பூமியை எடுக்க ஷட்டரைக் கண் சிமிட்டுவதற்குள் திறந்து மூட வேண்டும். அந்த அவகாசத்தில் நட்சத்திரம் ஃபிலிமில் ஒட்டாது. உச்சிவெயிலில் வாசலில் நிற்கும் மாப்பிள்ளையை எடுங்கள், அவர் பின்னால் திறந்திருக்கும் வீட்டுக்குள் குத்துவிளக்கு எரிவது படத்தில் தெரியுமா? அதே கதைதான்.

எப்படிப் போட வேண்டும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். மங்கள்யான் செவ்வாய்க்குக் கிளம்புவதற்கு முன் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது எடுத்த முதல் பூமிப் படத்தை இஸ்ரோ வெளியிட்டது. 2013 நவம்பர் 19, பிற்பகல் 1.50, உயரம் 67,975 கிலோமீட்டர், படத்தில் ஒரு புள்ளி தரையில் 3.53 கிலோமீட்டர். எல்லாம் கூடவே சொன்னார்கள். அதிலும் வங்கக்கடலில் ஒரு மேகச் சுருள், ஹெலன் புயலாக உருவாகிக்கொண்டிருந்தது, ஆந்திரக் கரைக்குப் போனது. நாற்பத்தோரு வருடம் கழித்து நாமே எடுத்த படத்திலும் வங்கக்கடல் சும்மா இருக்கவில்லை. நேரமும் தேதியும் இருந்ததால்தான் எல்லாரும் அதை ஹெலன் என்று அடையாளம் காட்டினார்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. இந்த மாதிரிப் படம் போடும்போது அழகான வர்ணனைக்குப் பதிலாக ஒரு வரி. உதாரணமாக, "அப்போலோ 17 குழுவினர், 1972 டிசம்பர் 7, இந்திய நேரம் மாலை 4.09, சுமார் 29,000 கி.மீ. தூரம், கையில் பிடித்த கேமரா, இயல்பான நிறம், தெற்கு மேலாக இருந்தது திருப்பப்பட்டது." ஒட்டிச் செய்ததென்றால் ஒட்டிச் செய்தது என்று, பூசிய நிறமென்றால் பூசிய நிறம் என்று. இப்போது கேட்டால் கம்ப்யூட்டரே நிமிடத்தில் விண்வெளிப் படம் வரைந்து தருகிறது, எங்கள் கடைக்கே வாரம் இரண்டு வருகிறது, இமயமலை குமரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதையும் இதையும் பிரிக்க அந்த ஒரு வரியை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இடம் இல்லை என்று சொல்லாதீர்கள், அந்த மஞ்சள் தலைப்பின் ஒரு எழுத்து அளவில் இது அடங்கிவிடும், நான் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அடுத்த டிசம்பரில் மறுபடி அந்தப் படத்தைப் போடுவதாக இருந்தால் கோப்பு எண் மேலே எழுதியிருக்கிறேன், நாசா தளத்தில் இலவசம்தான். இறக்கத் தெரியாவிட்டால் ஆசிரியர் குழுவுக்கு ஒரு பிரிண்ட் நானே போட்டு அனுப்புகிறேன், வலது மேல் ஓரத்தில் இரண்டு அங்குலம் தாராளமாக விட்டு. பில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டூடியோக்காரன்,
கடலூர் முதுநகர்.